கிழக்கே பார்த்த டோல்கேட்

முதலில், என் தாள்களைப் படித்து அச்சுக்குத் தட்டுகிற அம்மாவிடம் மன்னிப்பு. போன தடவை அனுப்பியதைப் பார்த்து, ‘இது எழுத்தா, தையலா?’ என்று அவர் கேட்டதாகப் பத்திரிகை ஆசிரியர் போனில் சொல்லிச் சிரித்தார். நியாயமான கேள்விதான். நூல் சிக்கிக்கொண்ட மெஷினில் ஓட்டின தையல் போலத்தான் என் கையெழுத்து இருக்கும். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. எந்த ‘ர’ போடுவது, எந்த ‘ற’ போடுவது என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் போட்டுவிடுவேன். வேண்டாததை அவர் அடித்துக்கொள்ளட்டும்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஷாமியானா தைக்க உட்கார்ந்த கதையைப் போன வாரம் சொன்னேன். இந்த வாரம் டோல்கேட். நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே எழுதினால் எழுத்து இன்னும் மோசமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜல்லிக் குவியலில் உட்கார்ந்த மேடம்

காவிரிக் கரை. காலை வெயில். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம்.

எனக்கு முன்னால் ஒரு செங்கல். செங்கல்லின் மேல் ஒரு சின்னப் பந்தல். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிக் கூரை செய்திருந்தேன். விளக்குமாற்றுக் குச்சிதான் கால்கள். கூரையின் ஓரத்தில் வளைவு வளைவாகக் கத்தரித்து, தொங்கல் மாதிரி ஜாலர் கூட வைத்திருந்தேன். பசை இன்னும் முழுக்கக் காயவில்லை.

செங்கல்லைச் சுற்றி மூன்று பேர் நின்றோம். நான் ஒருவன். டோல் வசூலை ஏலம் எடுத்த புட்டசாமி அண்ணா ஒருவர். பாலத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் மேடம் ஒருவர்.

மேடம் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். மேலுகோட்டை வழி ஐயங்கார் வீட்டுப் பெண்; மெல்ல, அழகாகப் பேசுவார்.

“நன்னாருக்கு. இதுக்கு வாசல் எந்தப் பக்கம் மாதையா?”

நான் விரலை நீட்டினேன். விரல் நீட்டின பக்கம் ஆறு இருந்தது.

மேடம் ஆற்றைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, லாரியெல்லாம் ரோட்டுல வரதா, இல்லே ஆத்துலேர்ந்து ஏறி வரப்போறதா?”

அவ்வளவுதான். புட்டசாமி அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “இருக்கட்டும் மேடம்! மீனுக்கெல்லாம் டோல் போடலாம். முதலை வந்தா டபுள்!”

மேடத்துக்கு அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியே ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். ஆனால் நான் பசை காயாத ஜாலரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த அட்டைப் பந்தல் தேறாவிட்டால் எனக்குக் கல்யாணம் இல்லை. டோல்கேட்டுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மார்டள்ளி மாமா கேட்ட கேள்வி

அதற்குச் சில வாரம் முன்னால், ஒரு கார்த்திகை மாதத்தில், கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் கௌதள்ளியில் இருக்கும் என் அக்கா என்னை மார்டள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெண் பார்க்க.

பெண் பார்த்தேன் என்று சொன்னால் பொய். தரையைத்தான் பார்த்தேன். எனக்குக் கூச்சம் அதிகம். இன்றைக்கும் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் ‘ஸ்டாப்’ என்று கத்த மாட்டேன். யாராவது இறங்கினால் கூடவே இறங்கிக்கொள்வேன். பெண் வந்து காப்பி வைத்தபோது புடவையின் கீழ் ஓரம் மட்டும் என் கண்ணில் பட்டது.

அந்த ஓரத்தில் ஃபால்ஸ் தைத்திருந்த தையல்! கைத்தையல். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் எறும்பு நடந்த இடைவெளிதான். வெளிப்பக்கம் நூல் தெரியவே இல்லை. யார் தைத்தது என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. என் தவிப்பு தெரிந்தோ என்னவோ, அக்காவே கேட்டாள். “நானே தச்சதுங்க” என்று ஒரு குரல் மேலே இருந்து வந்தது. அந்த நிமிஷமே என் மனசு முடிவாகிவிட்டது. பெண்ணின் பெயர் தங்கமணி.

அவளுடைய அப்பாவை நாங்கள் மாமா என்போம். தென்னையும் மஞ்சளும் வைத்திருக்கிற மனிதர். தோளில் எப்போதும் வெள்ளைத் துண்டு.

“தம்பி என்ன பண்றாருங்க?” என்றார்.

என் பதிலை அக்காதான் சொன்னாள். “பந்தல் போடறானுங்க மாமா. மைசூர்ல ஷாமியானா மாதையன்னு கேட்டா எல்லாத்துக்கும் தெரியும்.”

“போட்டு?”

“கல்யாணம் முடிஞ்சா பிரிச்சுருவானுங்க.”

“பொறகு?”

“வேற எடத்துல போடுவானுங்க.”

“அதையும் பிரிச்சுருவாரு.”

“ஆமாங்க.”

மாமா துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். “நான் தென்னம்புள்ள வெச்சா அது அங்கயே நிக்குது. தம்பி தொழில்ல எதுவுமே நிக்கறதில்ல போல. எம்பட புள்ளயக் குடுக்கற எடத்துல ஏதாச்சு ஒண்ணு நிக்கோணுமில்லீங்க?”

அக்காவுக்குக் கோபம். எனக்கு, அவர் சொல்வதும் சரிதானே என்று பட்டது.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். “தம்பி கட்டுனது ஒண்ணு, ஒரே ஒண்ணு, வர்ற மழைக்காலத்தத் தாண்டி நிக்கட்டும். ஆவணியில பேசிக்கலாம். அது வரைக்கும் வேற எடத்துக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டன்.”

கேட்டீர்களா? மழைக்காலத்தில் நிற்கிற பந்தல்! நாங்கள் ஆடிக் காற்றுக்குப் பயந்து துணியையெல்லாம் மடித்துப் பரணில் போடுகிறவர்கள். ஊர் வந்து சேரும் வரைக்கும் அக்கா பஸ்ஸில் மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் வழியே கண்ணில் பட்ட கூரைகளையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

புட்டசாமி அண்ணா சொன்ன ஒரு வார்த்தை

அப்போதுதான் கொள்ளேகால் போகிற வழியில், பழைய கல் பாலத்துக்குப் பக்கத்தில், புதுப் பாலம் திறந்தார்கள். பழையதின் மேல் லாரி போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பார்க்க அதுதான் அழகு. ஒற்றைக் கல் தூண்கள், நூற்றுக்கணக்கில், தண்ணீரில் முழங்கால் வரை நனைந்துகொண்டு நிற்கும். மைசூருக்கு வந்த சொந்தக்காரர்களை அழைத்துப் போய்க் காட்டுகிற பாலம் அது.

திறப்பு விழாவுக்கு ஷாமியானா என்னுடையது. மஞ்சளும் சிகப்பும்.

விழா முடிந்து நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது புட்டசாமி அண்ணா வந்தார். கன்னடக்காரர். ஒரு காலத்தில் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு லாரி ஓட்டினதில் தமிழ் பழகியவர். டோல் வசூல் அவருக்குத்தான் கிடைத்திருந்தது. அவருடைய ஆட்கள் வெயிலில் ஒரு குடைக்குக் கீழே நின்று சீட்டு கிழித்தார்கள்.

“ஏ மாதையா, இதே தரா ஒண்ணு தகரத்துல மாடிக்கொடு கணய்யா. பர்மனென்ட்டா.”

இதே மாதிரி தகரத்தில் செய்து கொடு என்கிறார். நான் கயிற்றை விட்டுவிட்டேன். முனை விழுந்து பந்தல் ஒரு பக்கம் சரிந்தது.

“என்னா, வாயையும் சேர்த்துத் தைச்சுட்டாங்களா உனக்கு? ஆகுமா, ஆகாதா?”

தலையை ஆட்டினேன். கழுத்து வலிக்கிற அளவுக்கு ஆட்டினேன். ‘பர்மனென்ட்’ என்ற சொல் அன்றைக்கு என் காதில் நாதஸ்வரம் மாதிரி விழுந்தது.

ஒரே ஒரு தடங்கல், இன்ஜினியர் மேடம். வேறு இரண்டு பேர் கொண்டுவந்த வரைபடங்களை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். நெல் குடோன் மாதிரி ஒன்றைப் பாலத்துக்குப் பக்கத்தில் வைக்க விட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். எனக்குப் படம் வரைய வராது. அதனால்தான் அட்டையும் குச்சியும்.

ஏன் கிழக்கு?

வாசலை ஆற்றுப் பக்கம் வைத்தது ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

கல்யாணப் பந்தலுக்கு வாசல் கிழக்கு. எங்கள் தொழிலில் இதை யாரும் யோசிப்பதில்லை. கை தானாகச் செய்யும். இடத்தில் இறங்கியதும் சூரியன் எங்கே என்று பார்ப்போம். அந்தப் பக்கம் வாசலை விட்டு, மற்ற முளைகளை அடிப்போம். சாவு வீட்டுப் பந்தலுக்குத்தான் திசை கேட்பதில்லை. டோல்கேட் சாவு வீடு இல்லையே! அதனால் கிழக்கு.

அந்த இடத்தில் ரோடு தெற்கு வடக்காகப் போகிறது, ஆறுதான் கிழக்கே பார்த்து ஓடுகிறது என்பதை என் கண் பார்த்தது. கைக்குத் தெரியவில்லை.

தொழில் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் என் பந்தல் பறந்திருக்கிறது. திடீரென்று காற்று. பந்தலைக் காப்பாற்ற ஹெட்மாஸ்டர் ஓடி வந்து ஒரு மூங்கிலைக் கட்டிப் பிடித்தார். பந்தல் ஹெட்மாஸ்டரோடு எழும்பியது. ஒரு சாண் உயரம் இருக்கும். பிள்ளைகள் கைதட்டினார்கள். விழாவில் அதுதான் நல்ல நிகழ்ச்சி என்று பிறகு பேசிக்கொண்டார்களாம். ஹெட்மாஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை; அவருடைய ஒரு செருப்பு மட்டும் அகப்படவில்லை.

மேடம் ஒற்றைக் கண்ணால் பார்த்தது

ஜல்லிக் குவியலுக்கு வருவோம்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அட்டைப் பந்தலைக் கையில் எடுத்து, ரோட்டுப் பக்கம் வாசல் வரும்படித் திருப்பி வைத்தார். பார்த்தார். முகம் சுருங்கியது. மறுபடி கிழக்கே திருப்பி வைத்தார். தரையில் ஒரு காலை மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சின்ன வாசல் வழியே பார்த்தார்.

“புட்டசாமி, இங்க வந்து பாருங்கோ.”

புட்டசாமி அண்ணா வேட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். தொந்தி தடுத்தது. எப்படியோ பார்த்துவிட்டார்.

“என்ன தெரியறது?” என்றார் மேடம்.

“பழைய பாலம்.”

“முழுசா தெரியறதோல்லியோ?” மேடத்தின் குரல் மாறிவிட்டது. “ரோடு ரோடாவே போகட்டும். லாரி கீழே குறுக்கே போயிண்டே இருக்கட்டும். கிழக்கே கூரையை நன்னா உசத்தி, திறந்து விட்டுடலாம். மேற்கே இறக்கிடலாம். க்யூவுல நிக்கறவாளுக்குச் சீட்டு வாங்கற வரைக்கும் பாலம் தெரியும். மழை மேற்கேர்ந்துதானே வரது? உள்ளே அடிக்காது.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் தப்பாக வைத்த வாசல், அவர் கைபட்டு ஜன்னல் ஆகிவிட்டது!

கணக்கெல்லாம் மேடம்தான் போட்டார். நான் எல்லாக் காலுக்கும் கயிறு இழுத்துக் கட்டலாம் என்றேன். வார்த்தையாக இல்லை, சைகையாக. அவர் சிரிக்கவில்லை.

“சரியான பயம்தான். ஆனா கயிறு வேண்டாம், அஸ்திவாரத்தைக் கனமாப் போடறேன். தகரக் கூரை கீழே விழுந்துடும்னு பயப்படாதே மாதையா. மேலே போயிடும்னு பயப்படு.”

ஹெட்மாஸ்டர் கதையை அவரிடம் சொல்ல ஆசையாக இருந்தது. கூச்சம். இப்போதுதான் சொல்கிறேன்.

கல்யாணப் பெண் யாரு?

தை மாதம் முதல் கம்பத்தை நட்டோம். இரும்புக் கம்பம்தான். ஆனால் என் கை சும்மா இருக்குமா? கம்பத்துக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் நவதானியம் போட்டேன். பந்தக்கால் என்றால் அப்படித்தானே?

வெல்டிங் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். புட்டசாமி அண்ணா வந்து பார்த்துவிட்டு, “ஓஹோ! மதுமகள் யாரப்பா?” என்றார். கல்யாணப் பெண் யார் என்று கேட்கிறார். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “ஏய், யாரோ இருக்காங்க!” என்று ஆற்றுக்கு அந்தக் கரை வரை கேட்கிற மாதிரிக் கத்தினார்.

மேடம் கீழே குனிந்து, தன் கையால் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். 

கூரை ஏறியது. ஜாலர் மட்டும் என் கைவேலை. தகரத்தை வளைவு வளைவாகக் கத்தரித்து, மஞ்சள், சிகப்பு, மஞ்சள், சிகப்பு என்று பெயின்ட் அடித்து, கிழக்கு ஓரம் முழுக்க போல்ட் போட்டு மாட்டினேன். வேலை முடிந்த அன்று எதிர்க் கரைக்கு நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். பழைய பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பறவை ரெக்கையைப் பாதி விரித்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்தக் கரையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், வாழ்க்கையில் முதல் தடவையாக நானே வலியப் போய்ப் பேசினேன். “அது நான் கட்டுனது” என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எருமையும் அவரும் என்னை ஒரே மாதிரிப் பார்த்தார்கள்.

அட்சதை விழுந்த டோல்கேட்

பிறகு முகூர்த்த மாதங்கள் வந்தன. கூத்தும் ஆரம்பித்தது.

முதலில் ஒரு வேன். டோல்கேட்டில் நின்றது. பட்டுப்புடவைகள் இறங்கின. ஒரு அம்மாள் நேராகச் சீட்டுக் கிழிக்கிற ஆளிடம் போய், “கை கழுவ எல்லி?” என்று இடம் கேட்டார். இன்னொருவர் தாம்பூலத் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். மஞ்சள் சிகப்பு ஜாலரைப் பார்த்ததும் கல்யாண மண்டபம் என்று நினைத்துவிட்டார்கள்!

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. மண்டபத்தைத் தேடி வருகிற வண்டியெல்லாம் அங்கே ஒரு தடவை இறங்கிப் பார்த்தன. ஒருவர் மொய்க் கவரில் பேர் எழுதி ஜன்னலுக்குள் நீட்டினார். ஒரு நாள் உண்மையான பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு போனபோது, பின்னால் நின்ற லாரிக்காரர்கள் கீழே இறங்கி வந்து, சீட்டுக் கிழிக்கிற ஆள் மேஜையில் இருந்த அட்சதையையே எடுத்து அவர்கள் மேல் போட்டார்கள். அந்த அட்சதை அவன் மேஜைக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவன் அந்த மூன்று மாதத்தில் ஒரு சுற்றுப் பருத்துவிட்டான். அவ்வளவு லட்டு.

பஸ்காரர்கள் கதை வேறு. காவிரியைக் கண்டால் காசு போடுவது எல்லோருக்கும் வழக்கம்தானே. முன்பெல்லாம் பாலத்துக்கு மேலே போன பிறகு போடுவார்கள். இப்போது டோல்கேட்டிலேயே ஆறு பளிச்சென்று தெரிந்ததால் அங்கேயே போட ஆரம்பித்தார்கள். ஆறு தூரம். காசெல்லாம் டோல் ஆட்கள் தலையில் விழுந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேறு ஒருவருக்குத் தாங்கவில்லை.

“மாதையா!” புட்டசாமி அண்ணா கடைக்கே வந்துவிட்டார். “நான் டோல்கேட் கேட்டேன். நீ சத்திரம் கட்டியிருக்கே! ஒரு கல்யாண வண்டி நின்னா பின்னாடி அரை மைலுக்கு லாரி ஹாரன் அடிக்குது. ஆஷாடத்துல கல்யாணம் இல்ல. அந்த மாசத்துக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சுடு. பஸ் ஸ்டாண்ட் மாதிரி சப்பையா ஒண்ணு போட்டுக்கலாம்.”

மேடத்துக்கு அதற்குள் வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. தடுக்க ஆள் இல்லை. எனக்கு வாய் இல்லை. அண்ணா, ஆவணி வரைக்கும் விடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அவர் ஸ்கூட்டர் முனை திரும்பிய பிறகு சுவரைப் பார்த்து அதைச் சொன்னேன்.

அக்காவோ எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்து, ‘தம்பி கட்டினது ஜம்மென்று நிற்கிறது, வந்து பாருங்கள்’ என்று மார்டள்ளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஏணியின் மேல்

ஒரு ஆஷாட வெள்ளிக்கிழமை, நம் ஆடி வெள்ளி மாதிரி. காலையில் நல்ல வெயில். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் ஜாலர், பிறகு தகடு, பிறகு கம்பி என்று திட்டம். கிழக்கு ஓரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிக் கீழே போட்டேன். விழுந்த ஒவ்வொன்றுக்கும் ‘டங்’ என்று என் நெஞ்சில் ஒரு சத்தம்.

கொஞ்ச நேரத்தில் மேற்கே கறுத்தது. காற்று கிளம்பியது. ஆற்றில் தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக ஓடியது. அப்போது பார்த்து, பாலத்திலிருந்து ஒரு கொள்ளேகால் பஸ் இறங்கி வந்து டோல்கேட்டில் நின்றது. சாமுண்டி மலைக்குப் போகிற கூட்டம். ‘சடசட’ என்று மழை பிடித்தது. பஸ்ஸில் பாதி ஜன்னலுக்கு ஷட்டர் இல்லை போலிருக்கிறது. எல்லோரும் இறங்கி ஓடி வந்து என் கூரைக்குக் கீழே நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளைத் துண்டு.

மாமா! நிமிர்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் ஸ்பானர். காலடியில் கழற்றிய போல்ட்டுகள்.

“அட, பாருங்க கூத்த!” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். “மழைக்காலம் தாண்டட்டும்னு சொன்னன். மழையிலயே பிரிக்கறாரு!”

அந்த நேரத்தில்தான் காற்று ஜாலருக்கு அடியில் புகுந்தது. போல்ட் இல்லாத பக்கம் ‘தடதட’ என்று அடிக்க ஆரம்பித்தது. ஜாலர் கிழிந்து போனால் அதற்கு மேலே இருக்கிற தகடும் எழும்பும். கீழே ஒரு பஸ் கூட்டம். மேலே போயிடும்னு பயப்படு என்று மேடம் சொன்னது காதுக்குள் கேட்டது. நான் ஒரு கையால் ஏணியையும் ஒரு கையால் தகரத்தையும் பிடித்துக்கொண்டு தொங்காத குறை.

புட்டசாமி அண்ணா கீழே, கூட்டத்தின் நடுவில், நனையாமல் நின்றுகொண்டிருந்தார். ஜனங்கள் இரண்டு பாஷையிலும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். “யாருங்க இதப் பிரிக்கச் சொன்னது?” “பிச்சபேடிரீ சுவாமி!” பிரிக்க வேண்டாம் என்கிறார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஏணிக்குக் கீழே இருந்து ஒரு குரல். முன்பு ஒரே ஒரு தடவை கேட்ட குரல்.

“ஏனுங்க, கழட்டறீங்களா, மாட்டறீங்களா?”

எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் தகரத்தை இன்னும் இறுகப் பிடித்தேன்.

“ஏ மாதையா, கேக்கறாங்கல்ல! சொல்லு!” என்றார் புட்டசாமி அண்ணா. அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், மாமாவின் துண்டையும் பார்த்தார். தை மாதம் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

நான் வாயைத் திறந்தேன்.

“மாட்டறனுங்க.”

கத்திவிட்டேன். காற்றைவிடச் சத்தமாக. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

“அப்படின்னா மாட்டு கணய்யா! ஏன் நின்னு பார்த்துட்டிருக்கே!” புட்டசாமி அண்ணா வேட்டியை மடித்துக் கட்டினார். கீழே உருண்டு கிடந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து, நான் கையை நீட்ட நீட்ட எட்டிக் கொடுத்தார். ஒரு பக்கம் ஆட்கள் தகரத்தை மூங்கிலால் தாங்கிப் பிடித்தார்கள். நான் மாட்டினேன். முறுக்கினேன். மாட்டினேன். மழை மேற்கே அடித்துக்கொண்டே இருந்தது. கூரைக்குக் கீழே ஒரு துளி இல்லை. யாரோ ஒருவர் போல்ட்டுக்குப் போல்ட் கைதட்ட ஆரம்பித்து, கடைசி போல்ட்டுக்குக் கூட்டமே கைதட்டியது.

சத்தம் நின்றது. ஜாலர் அசையவில்லை.

அப்போதுதான் ஏணி கொஞ்சமும் ஆடாமல் இருப்பதைக் கவனித்தேன். புட்டசாமி அண்ணா பிடித்திருக்கிறார் என்று நினைத்துத் தேடினால், அவர் தூரத்தில் தடுப்புக் கம்பைத் தூக்கிக்கொண்டு நின்று, பஸ்ஸை வழியனுப்பத் தயாராக இருந்தார். குனிந்தேன். இரண்டு கைகள். சிகப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல். என் ஏணியின் இரண்டு கால்களையும் தங்கமணி இறுகப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே மேலேயே நின்றுவிட்டேன்.

மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. மறுபடி போட்டுக்கொண்டார்.

“எறங்கி வாங்க மாப்ள” என்றார். “ஏணியப் புடிச்சுட்டு நிக்கறவளுக்குக் கை வலிக்குமில்ல?”

இத்தனை வருஷம் கழித்து இதை உட்கார்ந்து எழுதி முடித்தது, மைசூரில், மழை விட்ட ஒரு ஆவணி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.